ஆஃப் ஆகிற எஞ்சின் ஒன்று வேண்டும்



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் என்னிடம் கவிதை கேட்டான். எனக்குக் கவிதை வராது. "அப்போ 'இளைஞனே எழுந்து வா'ன்னு ஒரு கட்டுரை எழுதுடா" என்றான். அந்தத் தலைப்பில் போன மலரிலேயே நாலைந்து வந்துவிட்டது. எழுந்து வரவேண்டிய இளைஞர்கள் எல்லாம் இந்நேரம் வந்திருப்பார்கள். நான் ஒரு வால்வைப் பற்றி எழுதப் போகிறேன். சிவில், கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கும் புரியும்படிதான் எழுத முயன்றிருக்கிறேன்.

என் ஊர் செம்பரம்பாக்கம். அப்பா லாரியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாங்க. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் பெங்களூர் ஹைரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போவேன். அங்கே மேஸ்திரி அண்ணன் ஆறாவதோடு நின்றவர். முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறார். டிப்ளமோ படிக்கிறவன் என்று எனக்கு அங்கே கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதை எப்படிப் போனது என்பதும் இந்தக் கட்டுரையில் வரும்.

போன ஐப்பசியில் ஒரு வண்டி வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் டர்போ கார். என்ன வண்டி என்று சொன்னால் வண்டிக்காரர் யார் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும், ஆகவே வேண்டாம். கம்ப்ளெய்ன்ட் இதுதான்: நன்றாக மிதித்து வேகம் எடுத்துவிட்டு, ஸ்பீட் பிரேக்கருக்கோ சிக்னலுக்கோ காலை எடுத்து கிளட்ச் மிதித்தால் எஞ்சின் பொட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. சும்மா நிற்கும்போதும் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது.

ஆஃப் ஆனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். பாப்பான்சத்திரம் பக்கம் ஒரு ராத்திரி அந்த வண்டி ஆஃப் ஆனபோது பின்னால் கன்டெய்னர் லாரி. பின் சீட்டில் அவருடைய சின்னப் பெண். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. மிச்சம் இருக்கிற வேக்குவத்தில் ஓரிரு முறை பிரேக் பிடிக்கலாம், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் அதுவும் கனத்துப் போகும். லாரிக்காரர் ஒடித்ததால் தப்பித்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

நாங்கள் என்ன செய்தோம்? ப்ளக் செட் மாற்றினோம். ஃப்யூயல் ஃபில்டர் மாற்றினோம். த்ராட்டில் பாடியைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தோம். ஒரு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது (எதை மாற்றினாலும் ஒரு நாள் நன்றாக இருந்த மாதிரிதான் இருக்கும்). மறுநாள் பழைய கதை.

அப்புறம் ஸ்கேனர் போட்டோம். இரண்டு கோடு வந்தது. ஒன்று பி0171, மற்றது பி0172. முதலாவது, கலவையில் பெட்ரோல் குறைச்சல் என்கிறது. இரண்டாவது, பெட்ரோல் அதிகம் என்கிறது. ஒரே வண்டியில் இரண்டும்! எனக்கு உடனே மூளை வேலை செய்தது. ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு பேச்சுப் பேசுகிறவன் பொய்யன்தானே? இந்தத் தகவலைக் கொடுப்பது சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஆக, அண்ணே, அந்த சென்சார்தான் போயிடுச்சு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். புத்தகத்தில் படித்தவன் சொல்கிறான் என்று அண்ணன் நம்பினார். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது சென்சார் வாங்கி மாட்டினார். வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தார். ஆஃப்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அண்ணன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ குடித்துவிட்டு வண்டிக்காரருக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், இந்த வண்டில கடைசியா யார் கை வெச்சாங்க? என்ன பண்ணாங்க?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். இரண்டு வாரம் முன்னால் சிட்டியில் ஒரு கடையில் ப்ளோ-ஆஃப் வால்வு போட்டிருக்கிறார். காலை எடுத்தால் "ப்ஷ்ஷ்" என்று சத்தம் வருமே, அது. வண்டி அதற்கு முன்னால் ஒரு நாளும் ஆஃப் ஆனதில்லை. அவரிடம் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சத்தத்துக்காகப் போட்டேன் என்று சொல்ல வெட்கம் போல.

இந்த வால்வு என்ன செய்கிறது என்பதை நம்ம ஏரியை வைத்தே சொல்லிவிடலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வரத்து நிற்காமல் இருந்து, ஏரியும் நிரம்பிவிட்டால் 19 கண் மதகைத் திறந்து உபரி நீரை அடையாறு பக்கம் விட்டே ஆகவேண்டும். 2015 டிசம்பரில் நான் சின்னப் பையன். ஆனாலும் அந்தத் தண்ணீர் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டர்போவும் அப்படித்தான். புகை போகிற வேகத்தில் ஒரு சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே சுற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905-லேயே ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி இதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். நாம் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்கிறது. ஆனால் சக்கரம் உடனே நிற்குமா? அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அடைபட்ட காற்று திரும்பி வந்து சக்கரத்தின் மேலேயே மோதும். அப்படி மோதாமல் இருக்க நடுவில் ஒரு மதகு வேண்டும். அதுதான் இந்த வால்வு.

கம்பெனி போட்டு அனுப்பும் வால்வு, அந்த உபரிக் காற்றை ஒரு ஹோஸ் வழியாகத் திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பிவிடும். வெளியே சத்தம் வராது. கடையில் போட்ட வால்வு அதை ஆகாசத்தில் விட்டுவிடுகிறது. "ப்ஷ்ஷ்"! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

அண்ணன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஐடிலிங் வழக்கம் போல ஏறி இறங்கியது. டீக்கடை பஜ்ஜி கட்டி வந்த பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, அந்த வால்வின் வாய்க்கு நேரே பிடித்தார். பேப்பர் மெல்ல உள்ளே இழுபட்டது. காற்றை வெளியே விடவேண்டிய வாய், உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது! பேப்பரைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். ஐடிலிங் அப்படியே நின்றது, விளக்கு மாதிரி. கையை எடுத்தார், மறுபடி ஆட்டம். பொத்தினார், நின்றது. ஆறாவது படித்தவர், ஸ்கேனர் இல்லாமல், பஜ்ஜி பேப்பரை வைத்துக் கண்டுபிடித்தார். வால்வுக்குள் இருக்கும் ஸ்ப்ரிங் இந்த எஞ்சினுக்கு ரொம்ப மெல்லிசு. ஐடிலிங்கில் வரும் வேக்குவமே அதை இழுத்துத் திறந்துவிடுகிறது. அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருகி ஸ்ப்ரிங்கை இறுக்கினார். ஐடிலிங் சரியாகிவிட்டது.

ஆனால் ரோட்டுக்குப் போய் மிதித்துக் காலை எடுத்தால், இப்போதும் ஆஃப். பெட்ரோல் வாடை வேறு அடித்தது. அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் வகுப்பில் எங்கள் ஆசிரியர் போர்டில் போட்ட ஒரு படம் ஞாபகம் வந்தது.

அதைப் புரியவைக்க அம்மா வேலை பார்க்கும் கேன்டீனுக்குப் போகவேண்டும். கம்பெனி கேட்டில் ஐநூறு பேர் பஞ்ச் அடித்து உள்ளே வந்தால், கேன்டீனில் ஐநூறு பேருக்குச் சோறு வடிப்பார்கள். இந்த வண்டியில் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் எம்.ஏ.எஃப். சென்சார் என்று ஒன்று இருக்கிறது. சூடான ஒரு சின்னக் கம்பி. காற்று போகப் போக அது குளிரும். மறுபடி சூடாக்க எவ்வளவு கரன்ட் ஆகிறது என்பதை வைத்து, எவ்வளவு காற்று உள்ளே வந்தது என்று எண்ணிவிடும். அதுதான் கேட்டில் பஞ்ச் அடிக்கிற மெஷின். அது சொல்கிற கணக்குக்கு ஈ.சி.யூ. பெட்ரோல் ஊற்றும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று. அது கேன்டீன்.

இப்போது பாருங்கள். ஐநூறு பேர் பஞ்ச் அடித்து உள்ளே வந்துவிட்டார்கள். நடுவில் நூறு பேர் சுவர் ஏறிக் குதித்து வெளியே போய்விட்டால்? சோறு ஐநூறு பேருக்கு வெந்திருக்கும். மிஞ்சிப்போகும். எண்ணி முடித்த காற்றை வால்வு வெளியே விட்டுவிடுகிறது, பெட்ரோல் மட்டும் கணக்குப்படி வந்து விழுகிறது. எஞ்சின் மூச்சு முட்டி நிற்கிறது. அது பி0172. ஐடிலிங்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். பின் கேட் வழியாகப் பஞ்ச் அடிக்காமல் ஆள் நுழைகிறார்கள், சோறு பற்றவில்லை. அது பி0171. ஒரே வால்வு, இரண்டு திருட்டு! சென்சார் பொய் சொல்லவே இல்லை. இரண்டு தடவையும் நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைப் பொய்யன் என்று கழற்றி எறிந்தேன்.

எல்லா டர்போ வண்டியிலும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில எஞ்சின்களில் காற்றைக் கேட்டில் எண்ணுவதில்லை. த்ராட்டிலுக்கு அப்புறம் உள்ளே எவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று எம்.ஏ.பி. சென்சார் அளக்கும். பந்தியில் உட்கார்ந்த பிறகு தலையை எண்ணுகிற மாதிரி. அங்கே வெளியே விட்டாலும் கணக்கு அவ்வளவாகக் கெடாது. டீசலில் பெட்ரோல் போல காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக் காற்றை அடைப்பதில்லை, இந்த வால்வுக்கே வேலை இல்லை. இருந்தும் டீசலுக்கும் சத்தத்துக்காகவே தனி கிட் விற்கிறார்கள். மாட்டுகிற கடைக்காரர் இந்த மூன்றில் எது என்று கேட்டாரா? கேட்கவில்லை.

நான் சொன்னதை அண்ணன் முழுசாகக் கேட்டார். "அப்போ பழைய வால்வைப் போட்டு ஹோஸைத் திருப்பிவிட்டா சரியாயிடும்ங்கற?" என்றார். ஆமாண்ணே என்றேன், குரல் உள்ளே போய்விட்டது. இன்னொரு தடவை தப்பாகிவிட்டால்? நல்லவேளை, பழைய வால்வு டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. புதுக் கிளிப் போட்டு மாட்ட முக்கால் மணி நேரம். ஸ்கேனரில் கோடுகளை அழித்துவிட்டு, திருமழிசை வரைக்கும் போய் வந்தோம். போகும்போதும் வரும்போதுமாகப் பத்து தடவையாவது மிதித்து மிதித்துக் காலை எடுத்தார் அண்ணன். ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. ஃப்யூயல் ட்ரிம் கணக்கு ஒழுங்காக வந்தது. "படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றார். சென்சார் காசை என் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "போடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் காசை வண்டிக்காரரிடமும் அவர் வாங்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கேன்டீன் கதையாக இதைச் சொன்னேன். "அப்போ கேட்ல நின்னவன் மேல தப்பே இல்ல, அவனைப் போய் வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க" என்றாங்க. கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் கேள்வி இருந்தது, கை இருந்தது. என்னிடம் படம் இருந்தது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த வண்டியைச் சரிசெய்திருக்காது. எனக்கு ஏன் அந்தக் கேள்வி வரவில்லை? இரண்டரை வருஷப் படிப்பில், ஓடாத ஒன்றை ஏன் ஓடவில்லை என்று கேட்கும் சந்தர்ப்பமே எனக்கு வரவில்லை என்பதுதான் காரணம். நம் ஆட்டோமொபைல் லேபில் என்ன இருக்கிறது? வெட்டிக் காட்டிய ஒரு கார்புரேட்டர் எஞ்சின். பிஸ்டனுக்குச் சிவப்பு, வாட்டர் ஜாக்கெட்டுக்கு நீலம், வால்வுக்கு மஞ்சள். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் புதுப் பெயின்ட். அது ஒரு நாளும் ஆஃப் ஆனதில்லை, ஏனென்றால் ஒரு நாளும் ஓடியதில்லை! புதுக் கார்களில் கார்புரேட்டர் ஒழிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதில் வேடிக்கை, நாம் இருக்கும் இடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் செய்கிறது. 2019-ல் வந்த வென்யூவிலேயே டர்போ பெட்ரோல் எஞ்சின் உண்டு. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து 2020-ல் மேக்னைட்டும் 2021-ல் கைகரும் வந்தன, இரண்டிலும் டர்போ. வண்டிகளைச் சோதிக்கும் ஆராய்ச்சி மையம் ஒன்றும் ஒரகடத்திலேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில் டர்போ எஞ்சின் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. நம் லேபில் அதன் ஒரு ஹோஸ்கூட இல்லை.

"கம்பெனியில போய் நிக்கப்போறது லைன்லதான்டா, டார்க் கன் பிடிச்சு நாலு போல்ட் டைட் பண்ணணும், இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு சீனியர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்ரன்டிஸாகப் போன பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு மூன்று வருஷம் எதற்கு? அப்பா லோடு ஏற்றிய காசில், அம்மா இரண்டு ஷிஃப்ட் நின்ற காசில் நான் படிப்பது நாலு போல்ட்டுக்காகத்தானா? லைனில் ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதை ஓரம் கட்டி இன்னொரு ஆளிடம் கொடுப்பார்கள். அந்த இன்னொரு ஆளாக நாம் ஏன் ஆகக்கூடாது?

பாடத்திட்டத்தைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் மாற்றவேண்டும், நம் ஆசிரியர்கள் கையில் இல்லை என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் பாடத்தை மாற்றச் சொல்லவில்லை. காயலான் கடையில் ஓடுகிற நிலையில் ஒரு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், வயரிங்கும் ஈ.சி.யூ.வும் சேர்த்து, கிடைக்கும். ஒரு ஸ்டாண்டு நாமே வெல்டிங் செய்துகொள்ளலாம், மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு பீரியட், ஒரு ஆசிரியர் அதில் ரகசியமாக ஒரு கோளாறு வைக்கட்டும். ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றி விடட்டும். நாம் கண்டுபிடிக்க வேண்டும். கழற்றி மாற்றினால் மார்க் குறையட்டும். மேஸ்திரி அண்ணன் மாதிரி ஒருவரை மாதம் ஒரு முறை அழைத்து, பெஞ்சில் நம்மோடு நிற்க வைக்கலாம். பணத்துக்கு எங்கே போவது என்று மாணவர் மன்றம் கேட்கும். ஆண்டு விழாவுக்கு ஸ்பீக்கர் வாடகை எவ்வளவு கொடுத்தோம் என்று பொருளாளரைக் கேட்டால் தெரியும். சத்தத்துக்குச் செலவு செய்வது அந்த வண்டிக்காரர் மட்டும் அல்ல.

வால்வு மாட்டிக்கொள்ளும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தை வண்டியில் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கடைக்காரர் பில் தருவதில்லை, ஏன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சட்டத்தைவிட அந்த கன்டெய்னர் லாரிதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

வண்டி எடுக்க வந்த அன்று அவர் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். "சூப்பரா இருக்கு தம்பி" என்றார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஆனா சத்தம் போச்சே" என்றார். அந்த வால்வை எடுத்துப் போகவில்லை. அண்ணன் அதை எனக்குக் கொடுத்துவிட்டார். இப்போது என் புத்தகப் பையில்தான் இருக்கிறது. நம் துறைக்கு இலவசமாகக் கொடுக்கத் தயார். மாட்டிப் பார்க்க ஒரு எஞ்சின் மட்டும் வாங்குங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு